நூலகத் திண்ணையில் சுண்டல் தின்றால் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் செல்போன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறக்குவதில்லை, பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகத்தைத் தொடுவதில்லை, நூலகங்கள் ஈயாடிக் கிடக்கின்றன என்று மூன்று விதமான புலம்பல்கள் பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பகுதியில் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுகிறவர்கள் மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, ஒன்றுக்குப் பெற்றோரையும் ஒன்றுக்கு ஆசிரியர்களையும் ஒன்றுக்கு அரசாங்கத்தையும் திட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது மூன்றும் ஒன்றுதான் என்று படுகிறது. பள்ளிக்கூடம் விடுகிற நாலேகாலுக்கும் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கிற ஏழு மணிக்கும் நடுவில் ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன தின்கிறது, கையில் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும், மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், கடைதான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிரே அரசு உதவி பெறும் பள்ளி, அதே முக்கில்தான் தனியார் பள்ளி வேன்களும் பிள்ளைகளை இறக்கிவிடும், நாலு கடை தள்ளி கிளை நூலகம். ஆகவே நான் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை, கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பெல் அடித்ததும் முதல் கூட்டம் என் கடைக்கு வராது. கடைக்குப் பக்கத்திலிருக்கும் குப்பைத் தொட்டிக்கு வரும். அம்மா விடிவதற்கு முன்னால் எழுந்து கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தில் பாதி அப்படியே டிபன் பாக்ஸில் விறைத்துப்போய் இருக்கும், அதைக் கவிழ்த்து, மூடியில் ஒட்டிய பருக்கையை விரலால் வழித்துத் தள்ளி, பாட்டிலில் மிச்சமிருக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு குலுக்கு குலுக்கிக் கொட்டிவிட்டு, பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டால் வீட்டில் கேள்வி வராது. அந்த நேரத்துக்கு இரண்டு ஆடுகள் டாண் என்று வந்து நிற்கும். பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. மதிய இடைவேளையில் சாப்பிடுவதா விளையாடுவதா என்றால் பத்து வயதில் யாரும் விளையாட்டைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் காலையில் அடைத்த சோறு மதியத்துக்கு என்ன ருசியில் இருக்கும் என்று அலுவலகத்துக்கு டப்பா கட்டிக்கொண்டு போகிற பெரியவர்களுக்குத் தெரியாததா? சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளிடம் இந்தக் கொட்டுகிற வழக்கம் குறைவு, அதையும் கவனித்திருக்கிறேன். சூடாகத் தட்டில் விழுகிறது, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தின்கிறார்கள், எழுந்து போகிறார்கள்.

கொட்டிய கையோடு நேரே பாக்கெட் கடை. சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டில் ஒன்றைப் பிய்த்து, பல்லால் கிழித்து, வீடு போய்ச் சேருவதற்குள் காலி. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் பசித்த பிள்ளைக்கு ஐம்பது மீட்டர் ஒரு தூரமா? ஏஜென்ட் என்னிடமும் வாரம் தவறாமல் வந்து, ஸ்டாண்ட் இலவசமாகவே தருகிறேன், மாட்டி வையுங்கள் அண்ணே என்கிறார். கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் போதும் என்று அனுப்பிவிடுகிறேன், அது வேறு கதை. நான் மாட்டாவிட்டால் பக்கத்தில் மாட்டுவார்கள், பசி போகப்போவதில்லை.

பள்ளிப் பிள்ளையின் பசியைப் பற்றி நம் ஆட்கள் யோசிக்காமல் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் மதிய உணவு போட்டுப் பார்த்தது, 1956-ல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக ஆக்கினார், பிறகு வந்தவர்கள் முட்டை சேர்த்தார்கள், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கி அடுத்த வருஷமே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. ஆட்சி மாறியும் கை வைக்காமல் வளர்த்த காரியம் தமிழ்நாட்டில் இதைப்போல இன்னொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. காலைக்கும் மதியத்துக்கும் நூறு வருஷமாக யோசித்தோம், சாயங்காலத்தைப் பிள்ளைக்கும் பாக்கெட் கம்பெனிக்கும் விட்டுவிட்டோம்.

வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? எங்கள் பக்கம் அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அம்மா வயல் வேலைக்கோ ஜவுளிக் கடைக்கோ போய்விட்டு ஆறரைக்கு மேல் திரும்புவார், பாட்டி இருந்தால் டிவியில் சீரியல் ஓடும். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைக்குத் துணை செல்போன்தான். ராத்திரி சாப்பிடும்போது அந்தத் துணையை மட்டும் திடீரென்று பிடுங்கினால் விடுமா?

சாப்பிடும்போது செல்போன் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. என் தலைமுறை ஆட்கள் இதைக் கண்டு பதறுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் இன்றைக்கும் காலையில் உங்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டுதான் இட்லி சாப்பிடுகிறேன். சாம்பார் சொட்டாத தலையங்கம் எங்கள் வீட்டில் குறைவு. கடையில் மதியச் சாப்பாடும் அப்படித்தான், மோர் சாதத்துக்குத் துணை ஏதாவது வாரப் பத்திரிகை. எத்தனை வாய் சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, எழுந்து கை கழுவும்போது தட்டு காலியாக இருக்கும். என் மனைவி முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள், என் அப்பாவை என் அம்மா திட்டிய அதே வார்த்தைகளில். ஆக, சாப்பிடுகிற நேரத்தில் கண்ணுக்கு ஏதாவது தீனி கேட்பது புது வியாதி இல்லை. பேப்பர் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும், செல்போன் முடியாது, அதுதான் வித்தியாசம். ஆகவே சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று சட்டம் போடுவதைவிட, பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பது நல்லது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நூலகத்துக்கு வரும்போது தேவைப்படும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வரும்: நாளைக்கு சார்ட், ஐந்து படம், ஒரு பக்கக் கட்டுரை. எட்டேகாலுக்கு என் கடையில் கூட்டம். பிள்ளைகள் யாரும் அதில் இல்லை, அப்பாக்களும் அம்மாக்களும்தான். அவர்களும் கூட வரவேண்டும் என்பதில்லை, படத்தை என் நம்பருக்கு அனுப்பிவிட்டு, பிரிண்ட் போட்டு வையுங்கள் அண்ணே, ஜிபே பண்ணிவிட்டேன் என்பார்கள். சார்ட் பத்து ரூபாய், கலர் பிரிண்ட் ஒன்று பத்து ரூபாய், ஸ்கெட்ச் பேனா, பசை, ஓரத்துக்கு ஜிகினா என்று சேர்த்தால் ஒரு புராஜெக்ட்டுக்கு நூறு ரூபாயை ஒட்டி வந்துவிடும். எனக்கு வியாபாரம் என்கிற வகையில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு அதில் என்ன வேலை என்று பார்த்தால், கத்தரிப்பதும் ஒட்டுவதும்தான். பல வீடுகளில் அதுவும் இல்லை.

முன்பெல்லாம் சிவகாசியில் அச்சடித்த படத் தாள்கள் இருக்கும். ஒரு தாளில் தேசத் தலைவர்கள், ஒரு தாளில் வனவிலங்குகள், ஒரு தாளில் போக்குவரத்து வாகனங்கள். பிள்ளைகள் வந்து பத்து நிமிஷம் நின்று பொறுக்குவார்கள். கேட்டது யானை என்றாலும், அதற்குப் பக்கத்தில் காண்டாமிருகமும் நீர்யானையும் இருக்கும், இது என்ன மாமா என்று கேட்பார்கள், நான் தெரிந்ததைச் சொல்வேன். கட்டு இன்னும் கடையில் இருக்கிறது, கேட்பார் இல்லை. இப்போது செல்போனில் தேடி முதலில் வருகிற படம் எதுவோ அதுதான் படம். படத்தின் குறுக்கே ஏதோ கம்பெனி பெயர் சாய்வாக ஓடிக்கொண்டிருக்கும், அதோடு சேர்த்தே பிரிண்ட், அதோடு சேர்த்தே மார்க்.

போன வருஷம் ஒரு பையனுக்கு ஐவகை நிலங்கள் புராஜெக்ட். அவன் அப்பா ஐந்து படம் அனுப்பினார். மருதம் என்று வந்த படத்தைப் பார்த்தால், மலைச் சரிவில் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டிய வயல், நடுவில் கூம்புத் தொப்பி போட்ட ஆட்கள், இந்தோனேசியாவோ வியட்நாமோ. நாங்கள் இருப்பது காவிரிப் பாசனம், கண்ணுக்கு எட்டின தூரம் மேடு என்று ஒன்று கிடையாது. அந்தப் பையனின் வீட்டுக் கொல்லையை ஒட்டி அன்றைக்குச் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது, அவனுடைய பாட்டியே நடவாளாகப் போயிருந்தார். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று ஊரே வானத்தையும் பேப்பரையும் பார்த்துக்கொண்டிருக்கிற மருத நிலத்துப் பிள்ளை, மருதத்துக்குக் கடல் தாண்டிய படத்தைப் பத்து ரூபாய் கொடுத்து ஒட்டிக்கொண்டு போனான். நான் அவன் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், தம்பி, செல்போன் உங்கள் கையில்தானே இருக்கிறது, கொல்லையில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அதையே போட்டுத் தருகிறேன் என்று. மணி எட்டரை ஆகிவிட்டது, இருட்டில் எங்கே எடுப்பது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எட்டு மணிக்குச் செய்தி அனுப்பினால் இருட்டில்தான் தேட வேண்டும்.

இன்னொரு பிள்ளை. வானவில் படம் வேண்டும். கலர் பத்து ரூபாய், கறுப்பு வெள்ளை மூன்று ரூபாய் என்றதும் அம்மா கறுப்பு வெள்ளையே போதும் என்றுவிட்டார். கலரிலேயே போட்டுத் தருகிறேன் என்றேன், வாங்கிக்கொள்ளவில்லை, கடன் வைப்பது பிடிக்காத மனுஷி. சாம்பல் நிறத்தில் ஏழு பட்டை வானவில் வந்தது. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, ஸ்கெட்ச் பேனாவை என்னிடம் இரவல் வாங்கி, ஊதாவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தீட்டினாள். கருநீலத்துக்கு பேனா இல்லை, நீலத்தின் மேல் ஊதாவை லேசாக ஓட்டினாள். அன்றைக்கு என் கடையிலிருந்து போன அத்தனை புராஜெக்ட்டிலும் ஒரு பிள்ளை தன் மூளையைச் செலவழித்துச் செய்தது அது ஒன்றுதான்.

கட்டுரை விஷயம் இன்னும் மோசம். இப்போது எல்லாரும் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி அனுப்புகிறார்கள். தண்ணீர் சிக்கனம் என்று ஒரே வகுப்புக்குத் தலைப்பு கொடுத்தால், வேறு வேறு வீடுகளிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு வந்து சேருகிற கட்டுரைகள் முதல் பத்தியில் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பியாக இருக்கின்றன. ஆசிரியருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும், ஆனால் அவர் கேட்டதே ஒரு பக்கத் தாள்தான், தாள் வந்துவிட்டது.

நான் தொழில்நுட்பத்துக்கு விரோதி இல்லை, அதில்தான் சோறு தின்கிறேன். அரசுப் பாடப் புத்தகத்தில் 2018-லிருந்து கியூஆர் கோடு வைக்கிறார்களே, அதை ஸ்கேன் பண்ணிப் பாடத்தை வீடியோவாகப் பார்க்கிற பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு, நல்ல காரியம். முப்பருவ முறை வந்து புத்தகத்தை மூன்றாகப் பிரித்ததில் சின்னப் பிள்ளைகளின் பை கொஞ்சம் இளைத்தது, அதுவும் நல்ல காரியம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கலைக்களஞ்சியம் முழுக்க இலவசமாகக் கிடக்கிறது என்று எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியிருப்பார்கள்? எனக்குத் தெரிந்து என் கடைக்கு வந்த ஒரு பெற்றோருக்கும் தெரியவில்லை.

கலைக்களஞ்சியம் என்றதும் நூலகத்துக்கு வந்துவிடுகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. கொண்டுவந்தவர் அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவரும் இதே அவினாசிலிங்கம்தான், அந்தக் கழகம்தான் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராக வைத்துப் பெரியவர்களுக்கு ஒரு கலைக்களஞ்சியமும், பிறகு குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதியில் இன்னொன்றும் கொண்டுவந்தது. அதாவது ஒரே மனிதர், புத்தகம் வைப்பதற்கு இடத்துக்கும் வழி செய்தார், அந்த இடத்தில் வைப்பதற்குப் புத்தகத்துக்கும் வழி செய்தார். இன்றைக்கு அந்தத் தொகுதிகள் எங்கள் நூலகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கின்றன. பீரோவில் பூட்டு.

இந்த நூலகத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஓட்டு வீட்டுக்காரர் கொடுக்கிறார், மாடி வீட்டுக்காரர் கொடுக்கிறார், புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவரும் கொடுக்கிறார். வசூலிக்கிற உள்ளாட்சிகள் அதை நூலகத் துறைக்கு ஒழுங்காகக் கட்டாமல் பாக்கி வைக்கிறார்கள் என்று உங்கள் பேப்பரிலேயே அவ்வப்போது செய்தி வருகிறது. அது தனியாக ஒரு கடிதத்துக்கான விஷயம்.

நான் கேட்பது, நாம் கொடுத்த காசில் நடக்கிற இடம் நம் பிள்ளைக்கு எப்போது திறந்திருக்கிறது என்பதுதான். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்து வைக்க வேண்டும் என்பதற்காக வெள்ளியை அடைக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களை நினைத்தால் அது நியாயமான ஏற்பாடுதான், ஞாயிற்றுக்கிழமை திறப்பதை யாரும் கெடுத்துவிட வேண்டாம். ஆனால் பள்ளிப் பிள்ளை ஹோம்வொர்க் தலைவலி இல்லாமல் மூச்சு விடுகிற ஒரே மாலை வெள்ளிக்கிழமை மாலைதான். சனி ஞாயிறு கையில் வைத்துப் படிக்க ஒரு புத்தகம் எடுக்கலாம் என்றால் அன்றைக்குப் பூட்டு. இரண்டாவது சனிக்கிழமை வந்தால் மறுநாளும் பூட்டு.

திறந்திருக்கிற நாளில் போனாலும் உள்ளே பிள்ளைக்கு இடம் வேண்டுமே. மேசையெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள், குரூப் 4 வழிகாட்டிப் புத்தகங்களைச் சொந்தமாகக் கொண்டுவந்து, சார்ஜரைச் சொருகிவிட்டு, காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்கள்தான் அவர்களும். ஆனால் அந்த அமைதிக்குள் எட்டு வயதுப் பிள்ளை நுழைந்தால், நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கே ஐந்து தலை திரும்பிப் பார்க்கும். அப்புறம் வாசலில் ஒரு பலகை: தின்பண்டங்கள் கொண்டுவரக் கூடாது.

அந்தப் பலகைக்குக் காரணம் தெரியும். எங்கள் நூலகர் அருமையான மனிதர், ஒற்றை ஆளாகக் கதவைத் திறந்து, கூட்டி, பேப்பர் பிரித்து வைத்து, பதிவேடு எழுதி, ரேக்கில் அடுக்குகிறார். பிள்ளைகள் தின்றால் துணுக்கு விழும், எறும்பு வரும், எலி வரும், எலி வந்தால் புத்தகத்தைக் கொறிக்கும், தணிக்கையில் என் தலைதான் உருளும் சார் என்கிறார். எண்ணெய்க் கை பட்ட பக்கம் ஜென்மத்துக்கும் போகாது என்பதும் சரிதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வருகிற பிள்ளையை, நீ தின்றுவிட்டு வா என்று வெளியே அனுப்பினால், அது தின்னப் போகும், திரும்பி வராது. பாக்கெட் கடைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போய், செல்போனைக் கையில் எடுத்துவிடும். நான் மேலே சொன்ன மூன்று புலம்பலும் அந்தப் பலகைக்கு முன்னால் ஒன்றாகச் சேருகின்றன.

ஆகவே நான் கேட்பது இதுதான். எங்கள் நூலகத்துக்குத் திண்ணை இருக்கிறது, குழாய் இருக்கிறது. நாலேகாலிலிருந்து ஐந்து மணி வரை பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து தின்னட்டும், கை கழுவட்டும், உள்ளே வரட்டும். தின்பதற்கு என்ன என்றால், சுண்டல். ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் ராத்திரி ஊற வைத்தால் முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை அவித்தது. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு விதவிதமாகச் சுண்டல் போடுகிற ஊர் இது, பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்புக்கு ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சுண்டல் கொடுக்கிற பள்ளிகளும் இந்தப் பக்கம் உண்டு. நூலகத்துக்கு வாசகர் வட்டம் இருக்கிறது, ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர்களாகச் சேர்ந்து சுவரில் பெயர் எழுதிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப் பலகைக்குக் கொடுத்தவர்கள் கடலைக்குக் கொடுக்க மாட்டார்களா?

தின்றுகொண்டே புரட்டுவதற்கும் புத்தகம் வேண்டும். கண்ணுக்குத் தீனி என்று சொன்னேனே, அது இங்கேதான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள், நாலைந்து தாள்தான் இருக்கும், அழகான படங்கள். தேன்சிட்டு, ஊஞ்சல் என்று பிள்ளைகளுக்கான இதழ்களும் வந்தன. அந்த மாதிரி மெல்லிசான புத்தகங்களைத் திண்ணையில் ஒரு கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பாக்கெட் கம்பெனிக்காரனுக்குச் சரம் கட்டத் தெரிகிறது, நமக்குத் தெரியாதா? சுண்டல் கை பட்டு நாலு கிழிந்தால் கிழியட்டும். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான் ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கென்று எழுதி வைத்த ஐந்து விதிகளில் முதல் விதி. அதே 1931-ல்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகப் பெட்டி ஏற்றிக் கிராமம் கிராமமாக ஓட்டியது. வண்டியில் போகும்போது புழுதி படும், மழை படும், யார் யார் கையோ படும் என்று அவர் யோசித்திருந்தால் வண்டி கிளம்பியிருக்காது. எங்கள் ஊர்களுக்குப் புத்தகம் வந்த வழி அது, இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் புத்தகத்திடம் போவதற்கு நடுவில் நிற்பது ஒரு பலகை.

பள்ளிக்கூடங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புராஜெக்ட் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை வகுப்பிலேயே சொல்லி அடுத்த திங்கட்கிழமை வாங்குங்கள், நடுவில் ஒரு நாள் நூலகத்துக்குப் போய்ப் பார்த்து எழுதியதா என்று கேளுங்கள், ஒட்டிய படத்துக்கு மார்க் கிடையாது, வரைந்த படத்துக்குத்தான் மார்க் என்று சொல்லுங்கள். கோணல் மாணலாக இருந்தால் என்ன? என் கலர் பிரிண்டருக்கு வேலை குறையும், பரவாயில்லை, கலர் பென்சில் விற்றுக்கொள்கிறேன்.

வாசகர் வட்டத்தில் இதைப் பேசி, திண்ணைக்கு அனுமதி கேட்டு மனு ஒன்று எழுதியிருக்கிறோம். முதல் மாதத்துக்குக் கடலையும், கிண்ணங்களும், கயிறும் கிளிப்பும் என் பொறுப்பு. அவித்துத் தருவதற்கு எதிர்த்த இட்லிக் கடை அக்கா சம்மதித்துவிட்டார், உப்பும் கடுகும் தேங்காய்த் துருவலும் அவர் கணக்கு. நூலகர் கூட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்கிறார், அதற்கு முறை போட்டுப் பிள்ளைகளே கூட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன், அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மற்றபடி வெள்ளிக்கிழமை விஷயம் எங்கள் கையில் இல்லை. மாவட்டத்தில் மேலே இருக்கிற அலுவலர்கள் யாராவது இந்தப் பகுதியைப் படித்தால், ஆள் பற்றாக்குறை என்று பதில் சொல்லாமல், வாரத்தில் ஒரு நாள் அடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் புதன்கிழமை அடைத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஸ்டேஷனரி கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.